பாத்ரூம் வாசலிலேயே நின்றுவிடும் நாயைக் குளிப்பாட்டுவது எப்படி

பெங்களூருவின் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ மழை விட்டதும் தேங்கிய தண்ணீரில் குதித்து ஆடிவிட்டு வரும் அதே நாய், வீட்டுக் குளியலறை வாசலில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகராது. அதன் பயம் தண்ணீர் மேல் மட்டும் இல்லை. கால் வழுக்கும் டைல்ஸ், மூடிய சின்ன அறைக்குள் பக்கெட் நிரம்பும் இரைச்சல், தலையில் திடீரென்று விழும் மக் தண்ணீர், இவையெல்லாம் சேர்ந்த பயம் அது. ஒவ்வொன்றாக விலக்கினால் முக்கால்வாசிப் போராட்டம் அடங்கிவிடும்.

முதலில் தரை. ரப்பர் மேட் போடுங்கள். பழைய யோகா மேட்டும் போதும். நகம் வழுக்காமல் நிற்க முடிந்தால்தான் நாய்க்கு மற்ற எதுவும் தாங்கும். தண்ணீரை நாய் வருவதற்கு முன்பே பிடித்து வைத்துக் குழாயை மூடிவிடுங்கள். நடுத்தர உயர நாட்டு நாய்க்கு 15 லிட்டர் பக்கெட் இரண்டு, லாப்ரடாருக்கு மூன்று நான்கு வேண்டியிருக்கும். கீசர் தண்ணீரை விளாவி, மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பாருங்கள். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது.

ஒரு வாரம் தண்ணீரே இல்லாமல் பழக்குங்கள். காய்ந்த பாத்ரூமில், கதவைத் திறந்து வைத்து, எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் தயிர் தடவி நக்கவிடுங்கள். இரண்டு நிமிடம் போதும். மூன்றாம் நாள் காலி மக்கால் முதுகைத் தடவுங்கள், ஐந்தாம் நாள் பின்னங்கால் மட்டும் நனையட்டும். உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, இதெல்லாம் ‘போதும்’ என்று நாய் சொல்வது. அங்கேயே நிறுத்துங்கள்.

பெங்களூரு வீடுகளில் ஒருவர் தமிழில் ‘வா’ என்பார், இன்னொருவர் கன்னடத்தில் ‘பா’ என்பார். எந்த வார்த்தையானாலும் குளிக்க அழைக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்தினால், நாலு குளியலுக்குப் பிறகு பூங்காவில் அப்படிக் கூப்பிட்டாலும் நாய் வராது. நீங்களே போய் ஹார்னஸ் (மார்புப் பட்டை) மாட்டி அழைத்து வாருங்கள்.

நனைப்பதற்கு முன் சீவியாக வேண்டும். காதுக்குப் பின்னால், அக்குள், வாலடி ஆகிய இடங்களில் விழும் சிக்கு நனைந்தால் கம்பளிபோல இறுகிவிடும். கொஞ்சம் கார்ன்ஃப்ளோர் தூவி, முடியின் நுனியிலிருந்து விரலால் பிரியுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம்; சிக்குக்குள் தோலும் மேலே இழுபட்டிருக்கும், வெட்டினால் ரத்தம்தான். விரலிடுக்கிலும் கழுத்துப் பட்டைக்கு அடியிலும் உண்ணி இருந்தால் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சல், சோர்வு, சாப்பிடாமை தெரிந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

ஷாம்பு நாய்க்கென்று விற்பதாகவே இருக்கட்டும். நம் தோலின் அமிலத்தன்மை வேறு, நாய்த்தோலுடையது வேறு. குழந்தைகள் ஷாம்புவும் ஒத்துவராது. போர்வெல், டேங்கர் உப்புத் தண்ணீரில் நுரை வராது, அதனால் கை தானாக இன்னும் கொஞ்சம் ஊற்றும். அந்த மிச்சம்தான் பிறகு அரிப்பாகிறது. ஒரு பங்கு ஷாம்புவுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

மக்கின் விளிம்பு உடம்பைத் தொட்டபடி இருக்க வேண்டும்; தண்ணீர் விழக் கூடாது, வழிய வேண்டும். பின்னங்காலில் தொடங்கி, முதுகு, தோள், கழுத்து வரை. முகத்துக்கு ஈரத்துணி மட்டும். காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. மருத்துவர் தந்த மருந்து ஷாம்பு என்றால் பெரும்பாலும் 10 நிமிடம் ஊற வேண்டியிருக்கும். தயிர்த் தட்டு இப்போது கைகொடுக்கும். விரலில் வழவழப்பு போகும்வரை அலசுங்கள். போய்விட்டது என்று தோன்றிய பிறகும் ஒருமுறை.

துவட்டும்போது தேய்க்காமல் டவலால் அழுத்தி ஒற்றுங்கள். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றுக்கு மேல்முடி காய்ந்தாலும் அடிமுடி ஈரமாகவே இருக்கும். அதிலிருந்து ஒரே நாளில் சிவந்து நீர் வடியும் புண் வரலாம். ட்ரையரைக் குளிர்காற்றில் வைத்துத் தள்ளிப் பிடியுங்கள். டிசம்பர், ஜனவரியில் பகல் 11 மணிக்குமுன் குளிப்பாட்ட வேண்டாம். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும். குளித்த மூன்றாம் நாளே நாற்றம் வந்தால் மறுபடி குளிப்பாட்டாமல் காதையும் தோலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். தோலில் சொட்டாக விடும் உண்ணி மருந்து போடுவதாக இருந்தால் குளியலுக்கும் அதற்கும் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

குளித்ததும் நகம் மெத்தென்று இருக்கும், வெட்ட அதுதான் நேரம். கறுப்பு நகத்தில் ஒரு மில்லிமீட்டராகச் சீவுங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் கருத்த புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள், அதற்குப் பின்னால் ரத்தக்குழாய். தப்பித்தவறி ரத்தம் வந்தால் கார்ன்ஃப்ளோரை நகத்தில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கை உதறும் நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு பாதம் மட்டும்.