பிரேரிக்காரர்களிடம் அவர்கள் மண்ணைப் பற்றிப் பேசுவது

பிரேரி என்றழைக்கப்படும் கனடாவின் சமவெளிப் பகுதியில், சஸ்காச்சுவான் மாகாணத்து நகரங்களான சஸ்கட்டூனுக்கோ ரெஜைனாவுக்கோ புதிதாக வந்து இறங்கியவர்களை முதல் மாதத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள்: "எங்கள் ஊர் பிடித்திருக்கிறதா?" வேலையிடத்தில் கேட்பார்கள், பிள்ளையின் பள்ளி வாசலில் கேட்பார்கள். "அமைதியான ஊர், ஆனால் பார்க்க ஒன்றுமில்லை, ஒரே சமவெளி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நமக்குள் 'பொட்டல் காடு' என்று பேசிக்கொள்கிறோம். அதையே அவர்களிடம் சொல்வது, ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அந்த வீட்டையே குறை சொல்வது மாதிரி. இங்கே நாய் ஓடிப்போனால் மூன்று நாள் கழித்தும் கண்ணுக்குத் தெரியும் என்று அவர்களே வேடிக்கையாகச் சொல்வார்கள். கூடச் சிரியுங்கள். அதைச் சொல்லும் உரிமை அவர்களுடையது.

வானத்தில் தொடங்கினால் பேச்சு தானாக வளரும். சஸ்காச்சுவான் வண்டிகளின் நம்பர் பிளேட்டிலேயே 'உயிருள்ள வானங்களின் நாடு' என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறது. கோடையில் இடிமேகம் தொலைவில் திரண்டு, கீழே மழைத்தாரை தொங்க, மெல்ல நகர்ந்து வருவதை முழுதாகப் பார்க்கலாம். கடுங்குளிர் நாளில் சூரியனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு குட்டிச் சூரியன்கள் தெரியும். சன் டாக் என்பார்கள். காற்றில் மிதக்கும் பனிப் படிகங்களில் வெளிச்சம் வளைவதால் வருவது. "காலையில் வரும்போது சன் டாக் பார்த்தேன்" என்று அலுவலகத்தில் சொல்லிப் பாருங்கள். தான் பார்த்ததைச் சொல்ல அங்கே ஒருவராவது இருப்பார்.

வானிலைப் பேச்சை இங்கே நேரம் போக்கும் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணினி முன் உட்கார்ந்திருக்கும் சக ஊழியரின் அண்ணனோ மாமாவோ இன்னும் விவசாயம் செய்துகொண்டிருக்கலாம். பாசனம் உள்ள இடம் குறைவு; பெரும்பாலும் மழையையும் உருகும் பனியையும் நம்பிய வெள்ளாமைதான். ராமநாதபுரம், விளாத்திகுளம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரும் வானம் பார்த்த பூமி என்றால் அதைச் சொல்லுங்கள். மழை தவறிய வருடம் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். பதிலுக்கு 1930களின் வறட்சியும் மண்புயலும் பற்றித் தங்கள் தாத்தா சொன்ன கதை வரும். மே மாதமானால் "விதைப்பு முடிந்ததா?", ஆகஸ்ட் கடைசியில் "அறுப்பு எப்படிப் போகிறது?" என்று கேளுங்கள். எத்தனை ஏக்கர் என்று மட்டும் கேட்காதீர்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதாகவே அவர்கள் காதில் விழும். அவர்களாகச் சொன்னால் 'குவார்ட்டர்' கணக்கில் சொல்வார்கள். ஒரு குவார்ட்டர் 160 ஏக்கர்.

நம் சமையலறையையும் இழுத்து வாருங்கள். உலகச் சந்தைக்கு மைசூர்ப் பருப்பு அனுப்பும் நாடுகளில் கனடா முன்வரிசையில் இருக்கிறது. அதில் மிகப் பெரிய பங்கு இந்த மாகாணத்தில் விளைவது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போகிறது. பருப்பு விளைவிக்கும் பலருக்கு அது எப்படிச் சமைக்கப்படுகிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்படுவார்கள். கோதுமைக்காரர் ஒருவர் தன் வயலோரத்தில் என்னை நிறுத்தி, ஒரு கதிரை ஒடித்து உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு மணிகளை என் கையில் கொட்டினார். துப்பாமல் மெல்லச் சொன்னார். முதலில் மாவு, அப்புறம் கொஞ்சம் இனிப்பு, கடைசியில் பல்லில் இழுபடும் பசை. சின்ன வயதில் அவர்களுக்கு அதுதான் சூயிங்கம்மாம். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வயல் வெறும் வயலாகத் தெரியவில்லை.

ஆனால் வயல் வேறு, பிரேரி வேறு. மஞ்சளாகப் பூத்த கனோலா (கடுகு இனத்து எண்ணெய் வித்துப் பயிர்) வயலைப் பார்த்து "என்ன அழகான பிரேரி" என்றால், இயற்கையில் அக்கறை உள்ளவர்கள் மெல்லத் திருத்துவார்கள். அவர்களுக்குப் பிரேரி என்றால் உழப்படாத பழைய புல்வெளி; அது இந்த மாகாணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. தெற்கே வால் மேரி ஊருக்கு அருகில் உள்ள கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் அதைப் பார்க்கலாம். காட்டெருமைகளை 2005இல் அங்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். கறுப்பு வால் பிரேரி நாய்கள் (பெயர்தான் நாய், வளையில் வாழும் அணில் இனம்) கனடாவில் இயற்கையாக வாழ்வது அந்தப் பகுதியில் மட்டும்தான்.

இதே மண்ணைப் பற்றிக் கிரீ, நகோடா, மேட்டி ஆகிய பூர்வகுடி மக்களிடம் பேசும்போது வேறு கதை கேட்பீர்கள். 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கிடைத்ததைக் குடியேறியவர்களின் வழிவந்த பலர் தங்கள் குடும்பத்தின் தொடக்கமாகப் பெருமையோடு சொல்வார்கள். அதே காலத்தில்தான் காட்டெருமைகள் அழிந்து, அவற்றை நம்பி வாழ்ந்தவர்கள் பட்டினியில் விழுந்தார்கள். சஸ்கட்டூன் இருப்பது, பூர்வகுடிகளோடு அரசு செய்துகொண்ட உடன்படிக்கைகளில் 1876இன் ஆறாம் உடன்படிக்கை நிலத்தில். ரெஜைனா 1874இன் நான்காம் உடன்படிக்கை நிலத்தில். இரண்டு கதையையும் காது கொடுத்துக் கேட்பதுதான் வந்தவர்களான நமக்கு முறை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சஸ்கட்டூனை ஒட்டிய வானுஸ்கேவின் என்ற பூர்வகுடி மரபுப் பூங்காவுக்கு ஒருமுறை போய்விட்டு வந்தால் என்ன கேட்பது என்று ஓரளவு பிடிபடும். நிலத்தை இழந்த கதை இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அந்நியமில்லை. ஆனாலும் முதல் சந்திப்பிலேயே அவர்கள் வலியைக் கிளறிக் கேட்காதீர்கள்.

பேச்சு நன்றாகப் போனால் "உங்களுக்குப் பிடித்த இடம் எது?" என்று கேளுங்கள். பிரபலமான இடம் எதையும் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். வாத்துகள் இறங்கும் ஒரு ஸ்லூ (பள்ளத்தில் தேங்கிய சிறு குளம்), பழைய மர எலிவேட்டர் (உயரமான தானியக் கிடங்கு) நிற்கும் ஏதோ ஒரு கிராமம், தெற்கில் ஒரு ஓடைப் பள்ளத்தாக்கு என்று சொல்வார்கள். வழியையும் எழுதிக்கொள்ளுங்கள், அந்த மண் சாலைகளில் போன் சிக்னல் எப்போதும் இருக்காது. பெட்ரோலை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினால் அது வணக்கம், நீங்களும் உயர்த்துங்கள். வேலி இல்லாத நிலமாக இருந்தாலும் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் உள்ளே இறங்காதீர்கள். 2022 முதல் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சிவப்பு லில்லி கண்ணில் பட்டால் படம் எடுங்கள், பறிக்காதீர்கள். அது மாகாண மலர், பாதுகாக்கப்பட்டது. வசந்த காலத்தில் புல்லுக்குள் நடந்தால் வீடு திரும்பியதும் பிள்ளைகளின் காதோரம், கழுத்து, முழங்கால் மடிப்பு எல்லாம் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், போய் வந்ததை வழி சொன்னவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அடுத்த தடவை தானே கூட்டிப்போகிறேன் என்பார்.