கார் ஷெட் கூரையை மாற்றப் போகிறீர்களா?

மண்டபம், கீழக்கரை பக்கம் பழைய கார் ஷெட்டை அறையாக்க நினைப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்பே கூரையை முடித்துவிடுங்கள்.

மேலே கிடப்பது ஆஸ்பெஸ்டாஸா? சுத்தியலால் தட்டி உடைக்க விடாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாகவே இறக்கச் சொல்லுங்கள். மூக்கில் துண்டு கட்டினால் போதாது, நல்ல முகமூடி வேண்டும்.

புது ஷீட் எதுவானாலும் நம்ம ஊர் உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது ஸ்க்ரூதான். நாங்கள் ஷீட்டுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு ஸ்க்ரூவில் மிச்சம் பிடித்தோம்; மூன்றாம் வருஷமே ஒழுகியது. அதற்காக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஓடிவிடாதீர்கள். துத்தநாக, அலுமினியக் கலவை பூசிய ஷீட்டில் அதைப் போட்டால் ஸ்க்ரூ நிற்கும், சுற்றியுள்ள ஷீட் அரித்துப்போகும். அந்த ஷீட்டுக்கென்றே விற்கும் கடலோர ரக ஸ்க்ரூவை, ரப்பர் வாஷரோடு கேட்டு வாங்குங்கள்.

துளை போட்ட இரும்புத்தூளை அன்று மாலையே பெருக்கித் தள்ளுங்கள். விட்டால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். காற்று தூக்குவது ஓரத்தைத்தான், அங்கே ஸ்க்ரூவை நெருக்கிப் போடச் சொல்லுங்கள்.