பிள்ளையின் உயரத்தையும் பாருங்கள்: கிரோன் நோயில் நாம் செய்யும் தவறுகள்

பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் நம் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் முதலில் சூடு என்போம், அடுத்து பூச்சி என்போம். அதற்கும் கேட்காவிட்டால் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவோம். வலி வாரக்கணக்கில் விட்டுவிட்டு வந்தால், பிள்ளை நடுராத்திரி எழுந்து வெளிக்குப் போனால், எடை இறங்கினால் அது வேறு சங்கதி. குடல் புண்ணாகி வீங்கும் கிரோன் நோயாக இருக்கலாம்.

பெரிய தவறு, வயிற்றை மட்டும் பார்ப்பது. சில பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கே இருக்காது. வளர்த்தி மட்டும் நின்றுபோகும். போன ஜூனில் தைத்த யூனிஃபார்ம் இந்த ஜூனிலும் அளவாக இருக்கிறதா? கூடப் படிப்பவர்கள் எல்லாம் வளர்ந்துவிட்டார்களா? ‘எங்க வம்சமே குட்டைதான்’ என்று விட்டுவிடாதீர்கள். எலும்பு முற்றிவிட்டால் இழந்த உயரம் திரும்பாது. ஆசனவாய் அருகே புண்ணோ சீழோ வந்தால் மூலம் என்று களிம்பு தடவுவதும் தவறு. பிள்ளைகள் வெட்கப்பட்டு மறைப்பார்கள், பக்குவமாகக் கேளுங்கள்.

குடல் காசநோயும் பெரும்பாலும் கிரோன் நோய் வரும் அதே இடத்தில், சிறுகுடலின் கடைசியில்தான் வரும். நம் நாட்டில் இது அதிகம் என்பதால் இரண்டையும் பிரித்தறிவது மருத்துவர்களுக்கே சிரமம். ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கச் சொன்னால் பயந்து ஓடாதீர்கள். காசநோய் இருப்பது தெரியாமல் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் அது உடம்பெல்லாம் பரவிவிடலாம்.

பிள்ளைகளுக்கு முதல் சிகிச்சையாகப் பல சமயம் 6 முதல் 8 வாரம் மருத்துவர் தரும் சத்துப்பானம் மட்டுமே கொடுப்பார்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து போல வளர்ச்சியைத் தடுக்காது என்பது இதன் பெரிய நன்மை. வீட்டில் மீன்குழம்பு கொதிக்கும்போது பிள்ளை ஏங்கிப் பார்க்கும். அப்பத்தா மனசு கேட்காமல் ஒரு வாய் ஊட்டிவிடுவார். அவரையும் மருத்துவரிடம் கூட்டிப்போய்ப் பேச வையுங்கள். அந்த ஒரு வாய்தான் பல வீடுகளில் சிகிச்சையைக் கெடுக்கிறது.

வலி நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென விடுவது ஆபத்து. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அசாதியோபிரின் மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு அவ்வப்போது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘மீன்பிடித் தடைக்காலத்தில் மதுரைக்குப் போய்க்கொள்ளலாம்’ என்று ஏப்ரல் 15 வரை தள்ளிப்போடக் கூடாது. மெடிக்கலில் புரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிக் கொடுக்காதீர்கள், நோயைக் கிளறிவிடலாம். அப்புறம், வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள்: பிள்ளை எழுந்தால் உடனே கழிப்பறைக்கு விட வேண்டும்.