கிராமத்து வீட்டிற்கு ஃபைபர் இணைய இணைப்பு பெறுவது எப்படி?

ஊராட்சிதோறும் ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழைக் கேபிளைக் கொண்டுசேர்ப்பதற்காக 2011ஆம் ஆண்டு மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டம்தான் இன்று பாரத்நெட் என்ற பெயரில் நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் உள்ளது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் வந்துவிட்டது என்பதாலேயே நம் வீட்டிற்கும் இணைப்பு கிடைத்துவிடாது. தெருமுனைக் கம்பத்திலிருந்து வீட்டுச் சுவர் வரையிலான அந்தக் கடைசித் தொலைவை யார், எப்படி இழுத்துத் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தே இணைப்பின் தரம் அமைகிறது. ஆகவே முதன்முறை இணைப்பு வாங்குவோர் அந்தத் தொலைவின் மீதே அதிகக் கவனம் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: ஊரில் விசாரியுங்கள்

பிஎஸ்என்எல் போன்ற நிறுவனத்தின் பெயரில் இணைப்பு வந்தாலும், கிராமங்களில் கேபிளை இழுப்பவரும் பழுது பார்ப்பவரும் பெரும்பாலும் அந்நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட உள்ளூர்க்காரராகவே இருப்பார். பல ஊர்களில் முன்பு கேபிள் டிவி நடத்தியவரே இதையும் செய்கிறார். எனவே எந்த நிறுவனம் என்பதோடு நின்றுவிடாமல், ஏற்கெனவே இணைப்பு வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் சென்று, மழையிலோ காற்றிலோ கேபிள் அறுந்தால் சரிசெய்ய எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள். விளம்பரத்தில் சொல்லப்படும் வேகத்தைவிட இந்த ஒரு பதில் உங்களுக்கு அதிகம் பயன்படும்.

படி 2: திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

விளம்பரங்களில் வரும் எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதைக் குறிக்கிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் மட்டுமே இறங்கும். பிள்ளைகளின் இணைய வகுப்பு, காணொளி அழைப்பு, தொலைக்காட்சியில் ஒரு படம் ஆகியவை ஒரே நேரத்தில் ஓடும் சராசரிக் குடும்பத்திற்கு 30 முதல் 50 எம்பிபிஎஸ் வரை போதுமானது. மாதக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் பெட்டியான மோடம் இலவசமா, வாடகையா, சொந்தமாக வாங்க வேண்டுமா என்பதையும், குறிப்பிட்ட அளவு டேட்டா முடிந்தபின் வேகம் எவ்வளவாகக் குறைக்கப்படும் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்க ஆதார் போன்ற அடையாளச் சான்றும், ஓடிபி பெறுவதற்குக் கைபேசியும் வேண்டும்.

படி 3: மோடம் வைக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்

கேபிள் வந்து சேரும் இடம் என்பதற்காகத் திண்ணைக்குப் பக்கத்துச் சுவரிலேயே மோடத்தை மாட்டிவிடுவது கிராமத்து வீடுகளில் வழக்கமாக நடக்கிறது. பழைய வீடுகளின் தடித்த மண்சுவரையும் கற்சுவரையும் தாண்டி வைஃபை அலை கொல்லைப்புற அறை வரை செல்வது கடினம். அதிலும் வைஃபையின் இரு அலைவரிசைகளில் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை 2.4 ஜிகாஹெர்ட்ஸைவிட விரைவில் வலுவிழந்துவிடும். ஆனால் கண்ணாடி இழையில் வரும் ஒளி, வீட்டிற்குள் இன்னும் 15 மீட்டர் சென்றாலும் குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை. ஆகவே இழையையே வீட்டின் நடு அறை வரை கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே தனி பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் தொலைக்காட்சிக்கு அடியிலும் மோடத்தை வைக்க வேண்டாம்.

படி 4: கேபிள் இழுக்கும் நாளில் உடன் இருங்கள்

இந்த நாளில் வீட்டில் ஒருவராவது பணியாளருடன் நின்று கவனிப்பது அவசியம். வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் அறுவடை இயந்திரமும் போகும் பாதையில் கேபிள் தாழ்ந்து தொங்கினால் முதல் அறுவடையிலேயே அறுந்துவிடும் என்பதால், பாதையைக் கடக்கும் இடத்தில் போதிய உயரம் இருக்கிறதா என்று பாருங்கள். மின்கம்பிக்கு அருகிலோ, கிளைகள் உரசும்படியோ இழுக்க விடாதீர்கள். கேபிளோடு ஒட்டிவரும் தாங்கு கம்பியைச் சுவருக்கு வெளியே கொக்கியில் கட்டி முடித்துவிட்டு, இழை மட்டும் உள்ளே வர வேண்டும். துளைக்குள் நுழையும் முன் கேபிளைச் சற்றுக் கீழே வளைத்துவிட்டு மேலேற்றினால் மழைநீர் அதன் வழியே வீட்டிற்குள் இறங்காது. ஓரிரு மீட்டர் கேபிளை அகலமான வளையமாகச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் அணிலோ எலியோ முனையைக் கடித்துவிட்டால் அந்த மிச்சம் உதவும். ஆணியில் மடக்கிக் கட்டினால், இழை உடையாவிட்டாலும் ஒளி கசிந்து வலுவிழக்கும்.

முனையில் இணைப்பானைப் பொருத்துவதற்காக, பணியாளர் மேலுறையை உரித்து, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, இழையை நறுக்குவார். தலைமுடியை ஒத்த தடிமனில் கண்ணாடித் துணுக்குகள் தரையில் விழும். வெறுங்காலில் குத்தினால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே முறிந்துவிடக்கூடியவை அவை. அவற்றை ஒட்டுநாடாவில் ஒட்டியெடுத்து ஒரு புட்டியில் போடச் சொல்லுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். இழைக்குள் ஓடும் ஒளி கண்ணுக்குப் புலப்படாது என்பதால், விளக்கு எரிகிறதா என்று முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது.

அடுத்து, இழையில் வரும் ஒளியின் வலுவைப் பவர் மீட்டர் என்னும் கருவியில் அளந்து காட்டச் சொல்லுங்கள். டிபிஎம் என்னும் அலகில் கழித்தல் குறியோடு ஓர் எண் தெரியும். வழக்கமான மோடத்திற்கு இந்த அளவு -8 முதல் -27 வரை இருக்கலாம். -20 என்பது -23 ஆவதுபோல மூன்று எண் குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். -20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். முதல் நாளிலேயே -26 காட்டினால், இன்று இணையம் ஓடினாலும் அடுத்த மழையில் துண்டிக்கப்படும் வாய்ப்பு அதிகம். எங்கேயோ ஒரு ஜாயின்ட் சரியில்லை, அல்லது கேபிள் மடங்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை பணி நிறைவுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். கிடைத்த அளவைத் தேதியோடு குறித்து வையுங்கள். பின்னாளில் பழுது வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

படி 5: சோதனையும் மின்வெட்டு ஏற்பாடும்

மோடத்தில் பான் (PON) விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தால் ஒளி வருகிறது என்று பொருள்; லாஸ் (LOS) விளக்கு சிவப்பில் மினுக்கினால் ஒளி வரவில்லை. வேகத்தை முதலில் மோடத்தையும் கணினியையும் நேரடியாக இணைக்கும் லேன் கேபிள் வழியாகவும் பிறகு வைஃபை வழியாகவும் சோதியுங்கள். முன்னதில் சரியாகவும் பின்னதில் குறைவாகவும் வந்தால், குறை வைஃபையில்தானே தவிர ஃபைபரில் இல்லை. மோடத்தின் அடியில் அச்சிட்ட வைஃபை கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள்.

மின்வெட்டு நேரத்தில் மோடத்திற்கு மின்சாரம் தரும் சிறு பேட்டரிக் கருவியான மினி யூபிஎஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். மோடத்தின் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்து, அதே வோல்ட்டும் குறையாத ஆம்பியரும் உடையதாக வாங்குங்கள். இடி மின்னலின்போது அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுவது நல்லது.

இணைப்பு துண்டித்தால் உள்ளூர்ப் பணியாளரைக் கைபேசியில் அழைப்பதோடு நிறுத்திவிடாமல், நிறுவனத்தின் புகார் மையத்திலும் பதிவு செய்து புகார் எண்ணைப் பெறுங்கள். அங்கே தீராவிட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி நிறுவனத்திற்குள்ளேயே அமைந்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த எண்ணைக் குறிப்பிட்டு முறையிடலாம்.