லாக்கில் இருந்த ஒரு சொல்: ஸீவ் ஏன் ஓடவில்லை

பாளையங்கோட்டையில் ஓர் அரிசி மண்டிக்கு நான் பார்த்துக்கொள்ளும் மெயில் சர்வரில் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், அதைப் பெட்டியில் வைத்துப் படிக்கக் கொடுக்கும் டவ்காட், சர்வரில் தனி யூசர் இல்லாமல் மெயிலுக்கு மட்டும் உள்ள ஒரு டஜன் வெர்ச்சுவல் கணக்குகள். மெயில் ஒழுங்காக வந்தது, ஆனால் ஸ்பேம் முத்திரை விழுந்ததெல்லாம் ஜங்க் ஃபோல்டருக்குப் போகாமல் இன்பாக்ஸிலேயே குவிந்தது. "அண்ணாச்சி, இன்னைக்கும் அப்படியேதான் கெடக்கு" என்று காலையிலேயே போன் வந்துவிடும்.

வரும் மெயிலை ஃபோல்டர் வாரியாகப் பிரிக்க டவ்காட்டில் ஓடுவது ஸீவ் ஸ்கிரிப்ட். அதை மாற்றி மாற்றி எழுதினேன், அதன் கம்பைலரான ஸீவ்சி வைத்து கம்பைல் செய்தேன், கோப்பு உரிமைகளைத் திருத்தினேன். போஸ்ட்ஃபிக்ஸிடமிருந்து டவ்காட் மெயிலை வாங்கும் வழியான எல்எம்டிபிக்கு ஸீவ் பிளகின் சேர்த்து, போஸ்ட்ஃபிக்ஸில் மெயில்பாக்ஸ்_டிரான்ஸ்போர்ட் என்ற செட்டிங்கையும் எல்எம்டிபியின் சாக்கெட்டுக்கு, அதாவது அதன் இணைப்பு வாசலுக்கு, திருப்பினேன். மூன்று நாள் போனது.

அப்புறம்தான் மெயில் லாக்கில், மெயில் யார் கைக்குப் போனது என்று காட்டும் இடத்தில், ரிலே=வெர்ச்சுவல் என்பது கண்ணில் பட்டது. வெர்ச்சுவல் என்பது போஸ்ட்ஃபிக்ஸின் சொந்த டெலிவரி புரோகிராம். அதே வரியில் 'சென்ட்' என்று நல்லபடியாக முடிந்திருந்ததால் நான் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். போஸ்ட்ஃபிக்ஸே நேராக மெயில்டிரில் (மெயில் சேரும் ஃபோல்டர்) போட்டுவிடுகிறது, மெயில் டவ்காட் கைக்கு வரவே இல்லை, பிறகு ஸீவ் எங்கே ஓடும்? மெயில்பாக்ஸ்_டிரான்ஸ்போர்ட் உள்ளூர் டொமைன்களுக்குத்தான். வெர்ச்சுவல் டொமைன்களுக்கு வெர்ச்சுவல்_டிரான்ஸ்போர்ட் என்று தனி வரி. அதில் எல்எம்டிபி:யூனிக்ஸ்:பிரைவேட்/டவ்காட்-எல்எம்டிபி என்று கொடுத்து ரீலோட் செய்தேன். அப்பாடா, அடுத்து வந்த ஸ்பேம் நேரே ஜங்குக்குப் போனது, லாக்கிலும் ரிலே இருக்குமிடத்தில் அந்த சாக்கெட் பெயர்.