பழைய பிக்கப்பைக் கரடுமுரடான பாதைக்குத் தயார்செய்யும் முன்

பழைய பிக்கப் வண்டியைக் கரடுமுரடான பாதைக்கு ஏற்ப மாற்ற விரும்புவோர் பெரும்பாலும் முதலில் வாங்குவது பெரிய டயர்களைத்தான். ஆனால் முதல் செலவு வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கே உரியது. அதை நன்றாகக் கழுவி உலரவிட்டு, சிறிய சுத்தியலால் நெடுகத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலிக்கும் இடம் உறுதியானது. மந்தமாக ஒலித்தாலோ செதில் செதிலாக உதிர்ந்தாலோ, குறிப்பாகப் பின்புற லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) பொருந்தும் இடங்களில், துருவேறிய பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. துருவின் மேல் பெயின்ட் அடிப்பது குறையை மறைக்குமே தவிர நீக்காது.

டயர் அளவைப் பொறுத்தவரை, 29 அங்குல டயருக்குப் பதிலாக 33 அங்குல டயரைப் பொருத்தினால், ஸ்பீடோமீட்டர் 60 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் ஏறக்குறைய 68 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் என்பதோடு, சக்கரத்தில் கிடைக்கும் இழுவையும் அதற்கேற்பக் குறையும். 3.73 ஆக இருந்த ஆக்சில் கியர் விகிதத்தை (சக்கரம் ஒருமுறை சுழல டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுழல வேண்டும் என்ற கணக்கு) 4.24-க்கு நெருக்கமாக உயர்த்தினால் பழைய இழுவை திரும்பும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன், பின் ஆக்சில்கள் இரண்டின் கியர் விகிதத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பெரிய டயர்களுக்கு இடம் கிடைக்க வண்டியின் உயரத்தைக் கூட்டிய பின், சக்கரம் முழுவதும் கீழிறங்கிய நிலையில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்து, தேவையெனில் நீளமான ஹோஸைப் பொருத்த வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவது, ஆக்சிலில் உள்ள கியர் பெட்டியான டிஃபரன்ஷியலின் காற்றுக் குழாய்: ஓடையில் இறங்கும்போது சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே உறிஞ்சக்கூடும் என்பதால், அதை எஞ்சின் அறையின் மேற்பகுதி வரை நீட்டிவிடுவது மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை.