பட்டாம்பூச்சிக் கையும் டினாலக்கும்: போட்டி உடை தைக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டிக் காலம் தொடங்கிவிட்டால் புதிய பிள்ளைகள் வரைபடத்தோடு தையல் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். பிலிப்பைன்ஸில் ஊர்த் திருவிழாவுக்குக்கூட அழகிப் போட்டி உண்டு. அதில் 'தேசிய உடை' சுற்றுக்காகத்தான் இளம் வடிவமைப்பாளர்கள் தூக்கத்தை விட்டு உழைக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் வரைபடங்களில் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கும். தோளில் பட்டாம்பூச்சிக் கை, முதுகில் இறக்கை, இடுப்பில் ஏதோ ஒரு பழங்குடித் துணி, தலையில் சலகோட் தொப்பி. நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் வரைந்ததும் இதையேதான்.

அளவு தப்புவது, ஜிப் பிளந்துகொள்வது, மணி உதிர்வது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு மூன்று உடை தைத்தால் அவை தானாகவே சரியாகிவிடும். அனுபவம் கூடியும் போகாத தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

மரியா கிளாராவையும் டெர்னோவையும் ஒன்றாக நினைப்பது

மரியா கிளாரா என்பது 19ஆம் நூற்றாண்டு உடை. பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் 1887இல் வெளியிட்ட நாவலின் நாயகி பெயரால் வழங்குகிறது. மெல்லிய மேல்சட்டையான கமிசா, நீண்ட பாவாடையான சாயா, அதன்மேல் சுற்றும் தபிஸ், தோளைப் போர்த்தும் பன்யுவெலோ என்று நான்கு தனித்தனி உருப்படிகள். கை மணி போல விரிந்து தொங்கும். டெர்னோ அதிலிருந்து வளர்ந்து 20ஆம் நூற்றாண்டில் உருவானது. மேலும் கீழும் ஒரே துணி, நிமிர்ந்து நிற்கும் கை. அந்தக் கைதான் பட்டாம்பூச்சிக் கை. பன்யுவெலோவும் போய்விட்டது. அதை ஒரே உடையாக இணைத்த பெருமையை வடிவமைப்பாளர் ரமோன் வலேராவுக்குத் தருவார்கள். அவருக்கு 2006இல் நாட்டின் தேசியக் கலைஞர் பட்டமும் வந்தது.

'ஸ்பானியர் காலத்துச் சீமாட்டி' என்று தலைப்பு வைத்துவிட்டு டெர்னோ கை வைத்தால், நடுவர் வரிசையில் ஒருவராவது கண்டுபிடித்துவிடுவார். இரண்டையும் கலக்க ஆசை இருந்தால் கலக்கலாம், ஆனால் எதை எதோடு கலக்கிறோம் என்று தெரிந்து கலக்க வேண்டும்.

பட்டாம்பூச்சிக் கையைப் பஃப் கையாக்குவது

டெர்னோ கை உப்பிய கை அல்ல. பக்கத்திலிருந்து பார்த்தால் அது தட்டையாக இருக்கும். மேல் விளிம்பு தோள்கோட்டைத் தாண்டி உயர்ந்து நிற்கும். கைக்குழியில் வரும் கொசுவத்தின் மடிப்பு எல்லாம் ஒரே திசையில் படிய வேண்டும். அந்தக் கொசுவமும் உள்ளே வைக்கும் விறைப்புத் துணியும்தான் கையைத் தூக்கி நிறுத்துகின்றன. புதியவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் கம்பி நுழைப்பார்கள். போட்டியாளர் ஒருமுறை கையைத் தூக்கி அசைத்தால் போதும், கம்பி வளைந்துவிடும். வளைந்த கம்பி பழைய நிலைக்கு வராது. அவர் மேடையின் மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது ஒரு தோள் பட்டாம்பூச்சியாகவும் மறுதோள் மடிந்த காகிதமாகவும் இருக்கும்.

நல்ல பக்ரம் அல்லது விறைப்பான வலைத்துணி வையுங்கள். கைக்குழியைக் கொஞ்சம் மேலே தூக்கி வெட்டுங்கள். அப்புறம் ட்ரையல் பார்க்கும்போது போட்டியாளரைச் சும்மா நிற்க வைத்துப் பார்க்காமல், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். இந்தக் கை நுணுக்கம் கைவிட்டுப் போகிறது என்ற கவலையில்தான் 2018இல் 'டெர்னோகான்' என்ற போட்டியையே தொடங்கினார்கள். அதில் இளம் தையற்காரர்களுக்கு மூத்த வடிவமைப்பாளர்கள் பக்கத்திலிருந்து கற்றுக்கொடுத்தார்கள்.

டினாலக்கை மீட்டர் துணியாக நினைத்து வெட்டுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆறாத தவறு இது.

மிண்டனாவ் தீவில், தென் கொட்டபாட்டோ மாகாணத்தின் செபு ஏரிப் பகுதியில் வாழும் டிபோலி பழங்குடிப் பெண்கள் நெய்யும் துணிதான் டினாலக். அபாகா என்ற வாழை வகையின் தண்டிலிருந்து நார் உரித்து, மெல்லிய இழையாகப் பிரித்து, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு நீட்டுவார்கள். பாவு இழையில் சாயம் ஏறக் கூடாத இடங்களை நூலால் இறுக்கிக் கட்டிவிட்டுச் சாயத்தில் முக்குவார்கள். கறுப்பு நிறம் 'க்னாலும்' என்ற மரத்தின் இலையிலிருந்து வரும், சிவப்பு லோகோ என்ற செடியின் வேரிலிருந்து. வெள்ளை நாரின் சொந்த நிறம். கோலம் நெய்பவரின் கனவில் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அபாகாவின் தெய்வமான ஃபு டாலு அதைக் காட்டுவாள். தாளில் வரைந்து பார்க்கும் வழக்கம் இல்லை, எந்த இழையை எங்கே கட்ட வேண்டும் என்பதெல்லாம் நினைவில்தான் இருக்கும். நெய்து முடித்த துணியைச் சோழியால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஒரு நீளம் முடிய மாதக்கணக்கில் ஆகும். 1998இல் நாட்டின் உயரிய மரபுக் கலைஞர் விருது பெற்ற லாங் டுலாய் இந்தத் துணியை நெய்தவர்தான். 2015இல் அவர் காலமானபோது நூற்றுக்கும் மேற்பட்ட கோலங்கள் அவர் மனப்பாடமாக இருந்தன என்று எழுதினார்கள்.

இந்தத் துணியைத் தாண்டக் கூடாது என்பார்கள் டிபோலி மக்கள். வெட்டினால் நோய் வரும் என்ற நம்பிக்கையும் உண்டு. விற்கும்போது ஆவிகளின் மனம் குளிர ஒரு பித்தளை வளையத்தைக் கட்டிக் கொடுப்பதும் வழக்கம்.

ஒரு மாகாணப் போட்டிக்கு உடை தைத்த பையன் ஒருவன் இப்படிப்பட்ட முழு நீளத் துணியை வாங்கி, அதிலிருந்து உள்ளங்கை அளவு வட்டங்களாக வெட்டி, மீன் செதில் மாதிரி பாவாடை முழுக்க ஒட்டியிருந்தான். வரைபடத்தில் அழகாகத்தான் இருந்தது. அபாகா இழை பருத்தி மாதிரி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது, வெட்டிய இடத்திலிருந்து வழுக்கிக்கொண்டே வரும். ஒத்திகை முடிவதற்குள் எல்லா வட்டத்தின் ஓரமும் பிசிறடித்துவிட்டது. பயந்துபோய் ஒவ்வொரு ஓரத்திலும் க்ளூ கன்னால் பசை இழுத்தான். மேடை விளக்கில் அந்தப் பசைதான் மினுமினுத்தது, சோழி மெருகு செத்துவிட்டது. கனவில் வந்த கோலம் எது என்று யாருக்கும் தெரியவில்லை, துண்டுகளில் கோலமே இல்லை. மேடைக்குப் பின்னால் உதவிக்கு வந்திருந்த டிபோலி பெண் ஒருவர் அந்தப் பாவாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மீதித் துணி எங்கே?" என்று மட்டும் கேட்டார். மீதி குப்பைக் கூடையில் இருந்தது.

பணம் போனது ஒரு பக்கம். ஒரு பெண்ணின் பல மாத உழைப்பு ஒரே மதியத்தில் கத்தரிக்குப் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பையன் கெட்டவன் அல்ல. துணி என்றால் வெட்டுவதற்குத்தான் என்று தையல் பள்ளியில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வேறு என்ன செய்யலாம்? முதலில் துணியின் அளவைப் பார்த்துவிட்டு வரையுங்கள். இடுப்பில் கட்டி நெய்யும் தறி என்பதால், நெய்பவரின் கை எட்டும் அகலத்துக்கு மேல் துணி வராது. அந்த ஒடுங்கிய அகலத்தை அப்படியே பயன்படுத்துங்கள். முதுகில் தோளிலிருந்து தரை வரை ஒரே பட்டையாக விடலாம். இரண்டு முழு நீளங்களை ஓரத்தோடு ஓரம் கையால் இணைத்து மேலங்கி ஆக்கலாம். பிரிக்கக்கூடிய தையல் போட்டால், போட்டி முடிந்ததும் துணி முழுசாகத் திரும்பக் கிடைக்கும். கிராஸ் கட் வேண்டாம், உடம்போடு ஒட்டும் வடிவமும் வேண்டாம். அந்த நார் வளைந்து கொடுக்காது, கூர்மையாக மடித்து அழுத்தினால் மடிப்பிலேயே முறியும். நீராவி இஸ்திரி பக்கமே கொண்டு போகாதீர்கள்.

வெட்டித் தைத்தே ஆக வேண்டுமென்றால் கைத்தறித் துணிகளில் இலோகோஸின் இனாபெல் இருக்கிறது, இலோயிலோவின் ஹப்லோன் இருக்கிறது. அங்கே வெட்டித் தைப்பதற்கென்றே நெய்து தருபவர்கள் உண்டு. டினாலக் கோலத்தை பாலியெஸ்டரில் அச்சடித்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். ஒரு குடும்பத்தின் கனவைக் கேட்காமல் எடுத்து அச்சுக்குக் கொடுப்பது இன்னும் மோசம். பழங்குடி மக்களின் பண்பாட்டு உரிமையை அங்கீகரிக்கும் சட்டம் 8371 பிலிப்பைன்ஸில் 1997 முதல் இருக்கிறது. முன்கூட்டியே, முழு விவரம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. செபு ஏரிக்கு ஆள் அனுப்பி நேரடியாகப் பேசுங்கள். எதற்காக வேண்டும் என்று சொன்னால் எந்த அளவில் நெய்வது என்று அவர்களே சொல்வார்கள். அதற்கு மாதக்கணக்கில் முன்னதாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மிண்டனாவ் ஒரே ஊர் அல்ல

மரானாவ் மக்களின் மாலோங் என்ற குழாய் உடை, யாக்கான் மக்களின் செபுதாங்கான் என்ற தலைத்துணி, தவ்சுக் மக்களின் பிஸ் ஸ்யாபிட், டிபோலி பெண்களின் மணி கோத்த பித்தளை இடைப்பட்டை. இந்த நான்கையும் ஒரே பெண்ணின் மேல் ஏற்றி 'மிண்டனாவ் இளவரசி' என்று பெயர் வைக்கிறார்கள். இதில் பிஸ் ஸ்யாபிட் ஆண்கள் தலையில் கட்டும் துணி. அதைக் குட்டைப் பாவாடையாகத் தைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. ஒரு சமூகத்தை எடுங்கள், அதில் ஒரு சடங்கையோ ஒரு காலத்தையோ எடுங்கள். மேடையில் இருக்கப்போவது சில நிமிடம்தான். நான்கு கதை சொல்ல நேரம் இருக்காது.

பச்சை குத்திய உடல் போன்ற சட்டை

வட பிலிப்பைன்ஸின் கலிங்கா மக்களின் பச்சைக் கோலங்கள் ஒருவர் வாழ்ந்து ஈட்டியவை. வீரர்களின் மார்பில் வரும் கோலத்தைத் தோல் நிறச் சட்டையில் அச்சடித்துப் போட்டியாளருக்கு மாட்டிவிடாதீர்கள். 2023 மிஸ் யுனிவர்ஸ் மேடைக்குப் பிலிப்பைன்ஸ் போட்டியாளர் மிஷெல் டீ கறுப்பு கவுனில் வந்தார். மார்க் பம்கார்னர் வடிவமைத்தது. முதுபெரும் பச்சைக் கலைஞர் வாங்-ஓடுக்கு வணக்கமாக அந்தக் கோலங்களின் சாயல் அதில் இருந்தது. வேறொருவரின் தோலை அணிந்ததுபோல் அது இல்லை. அந்த வேறுபாட்டை உட்கார்ந்து பாருங்கள்.

எடை

2018இல் மிஸ் யுனிவர்ஸ் மேடையில் பிலிப்பைன்ஸின் கேட்ரியோனா கிரே முதுகில் சுமந்து வந்த பரோல் விளக்கை எல்லோரும் நகலெடுக்கப் பார்க்கிறார்கள். பெரிதாக இருந்ததால் அது எடுபட்டது என்று நினைக்கிறார்கள். பம்பாங்கா மாகாணத்தின் கிறிஸ்துமஸ் விளக்கு என்று கடைசி வரிசைக்கும் ஒரே பார்வையில் புரிந்ததுதான் காரணம். முதுகில் எதை ஏற்றினாலும் பாரம் இடுப்புப் பட்டையில் இறங்க வேண்டும், தோளில் அல்ல. தோளில் இறங்கினால் கழுத்து முன்னால் வந்துவிடும், நடை கெட்டுவிடும்.

இறக்கை

போதும்.

பினாவும் பசையும்

அக்லான் மாகாணத்தில் நெய்யும் பினா என்ற அன்னாசி நார்த் துணியில் சூடான பசை படக் கூடாது. ஊசி நூல்தான்.

அறிவிப்பாளருக்கான குறிப்பு

உடை வரும்போது வாசிக்க இரண்டு மூன்று வரி கேட்பார்கள். புதியவர்கள் அதில் 'விண்ணிலிருந்து இறங்கிய தேவதை' என்று எழுதிக் கொடுப்பார்கள். துணியின் பெயர், நெய்த சமூகம், ஊர், நெய்தவர் சம்மதித்தால் அவர் பெயர். இவை இருந்தால் போதும், வடிவமைப்பாளர் பெயர் அதற்கு அப்புறம் வரட்டும். துணி கைக்கு வந்த அன்றே, நெய்தவரிடமே உச்சரிப்பு கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். போட்டிக்கு முந்தின இரவு அவசரத்தில் எழுதினால் ஊர்ப் பெயர் தப்பாகத்தான் போகும்.